பல்லுவலி மாத்திரை கேட்கும் முன்: வாய்க்குள் என்ன பழுது என்று கண்டுபிடிக்கும் வழி

கேரளமும் தமிழ்நாடும் சேரும் பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் பல் வலி வந்தால் முதல் வைத்தியம் மெடிக்கல் ஷாப்பில்தான். பல் டாக்டர் கடைசி. "தம்பி, பல்லுவலிக்கு ஒரு செட் போட்டுக் குடுங்க" என்பார்கள். செட் என்றால் வலி மாத்திரை ஒன்று, ஆன்டிபயாடிக் ஒன்று, கேஸுக்கு ஒன்று. எந்தப் பல், எப்படி வலி, எத்தனை நாளாக என்று கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து நான் கேட்டால், "அதெல்லாம் எதுக்குங்க, வலிக்குது" என்று பதில் வரும்.

அந்தக் கேள்விகளில்தான் விஷயமே இருக்கிறது. பல்லில் வரும் தொல்லைகளில் வீட்டிலேயே முழுசாகச் சரியாவது கொஞ்சம்தான். ஈறு வீக்கத்தின் தொடக்கம், சாதாரணக் கூச்சம், வாய் நாற்றம், சின்னப் புண் ஆகியவை அதில் சேரும். ஓட்டை விழுந்த பல் எந்தப் பொடிக்கும் எந்த எண்ணெய்க்கும் மூடிக்கொள்ளாது. எது எந்த வகை என்று தெரிந்தால் காசும் மிச்சம், பல்லும் மிச்சம்.

முதலில் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன்னால் நின்று, மொபைல் டார்ச்சைப் போட்டு, ஸ்பூன் காம்பால் கன்னத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். கடைவாயில் மேல் பற்களின் வெளிப்பக்கம், கீழ் முன்பற்களின் உள்பக்கம் இரண்டும் கட்டாயம். எச்சில் சுரப்பிகளின் வாய் அங்கேதான் திறக்கிறது. அதனால் காரை, அதாவது பல்லில் இறுகிப் படியும் மஞ்சள் கட்டி, முதலில் படிவதும் அங்கேதான்.

பிரஷ் வைத்தாலே ரத்தம் வருகிறது

ரத்தம் வந்ததும் பெரும்பாலானவர்கள் அந்த இடத்தை விட்டுவிட்டுத் தேய்ப்பார்கள். சிலர் பிரஷ்ஷையே விட்டுவிட்டு விரலுக்கு மாறிவிடுவார்கள். நோய் வளர்வது இப்படித்தான். ஈறு ஓரத்தில் தங்கும் மாவு போன்ற வெள்ளைப் படலத்தில் கிருமிகள் இருக்கின்றன. அவற்றுக்கு எதிராக ஈறு வீங்குகிறது. வீங்கிய ஈறு தொட்டால் கசியும். தொடாமல் விட்டால் படலம் இன்னும் கூடும்.

1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவரும் அவரோடு இருந்தவர்களும் ஆரோக்கியமான ஈறுள்ள 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிவிட்டது. திரும்பத் தேய்க்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் பத்து நாளில் பழையபடி ஆகிவிட்டது. அதற்கு மாத்திரை, மருந்து எதுவும் தேவைப்படவில்லை. ஈறு வைத்தியத்துக்கு இன்றும் அடிப்படை அந்தச் சோதனைதான்.

ஆகவே ரத்தம் வருகிற இடத்தில்தான் அதிகம் நிற்க வேண்டும், மெதுவாக. 'சாஃப்ட்' என்று போட்ட பிரஷ் போதும். பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வையுங்கள். பாதி நார் ஈறு மேல், பாதி பல் மேல் இருக்க வேண்டும். அங்கேயே சின்னச் சின்னதாக அசைத்துவிட்டு அடுத்த பல்லுக்கு நகருங்கள். முழு வாய்க்கும் 2 நிமிடம், காலையும் ராத்திரியும். ராத்திரிதான் முக்கியம், தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும். முதல் நாலைந்து நாள் ரத்தம் வரத்தான் செய்யும். பயப்பட வேண்டாம்.

இரண்டு வாரம் ஒழுங்காகத் தேய்த்தும் நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் படலம் இறுகிக் காரையாகிவிட்டது என்று அர்த்தம். நகத்தால் சுரண்டினாலும் வராத மஞ்சள் கட்டி அது. பிரஷ்ஷுக்கு அசையாது, பல் டாக்டரிடம் ஸ்கேலிங் (கருவியால் சுத்தம்) செய்துதான் எடுக்க வேண்டும். "ஸ்கேலிங் பண்ணுனா பல்லு ஆடிப்போகும்ங்களே?" என்று கேட்காத ஆளில்லை. நடப்பது வேறு. காரைக்கு அடியில் எலும்பு ஏற்கனவே கரைந்திருக்கும். இடிந்த வரப்புக்கு மண்மூட்டை முட்டுக் கொடுத்தது போல அந்தக் காரைதான் பல்லைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கும். எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது. எடுக்காமல் விட்டால் எலும்பு இன்னும் கரைந்து பல் தானே விழும். போன எலும்பு திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றலாம்.

ஈறு அடிக்கடி வீங்குகிறவர்கள், சீழ் வைக்கிறவர்கள் ஒரு தடவை சர்க்கரை பார்த்துக்கொள்வது நல்லது. சர்க்கரை கூடினால் ஈறு கெடும். ஈறு கெட்டிருந்தால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது. கர்ப்பிணிகளுக்கு ஈறு வீங்குவது சகஜம். அதற்காகப் பல் தேய்ப்பதைக் குறைக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

காய்ச்சலோடு ஈறில் ரத்தம் என்றால் கதை வேறு. மழைக்காலத்தில் டெங்கு எல்லைக்கு இரண்டு பக்கமும் வருகிறது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சில்லென்று குடித்தால் கூசுகிறது

வாய் முழுக்கக் கூசுகிறதா, ஒரு பல் மட்டுமா? ஒரு பல் மட்டும் என்றால் அது ஓட்டையாகவோ விரிசலாகவோ இருக்கலாம், அடுத்த பகுதிக்குப் போங்கள். பல பற்கள் கூசினால் பல்லின் மேல்தோடு (எனாமல்) தேய்ந்திருக்கிறது, அல்லது ஈறு இறங்கி வேர் தெரிகிறது.

விரல் நகத்தை ஈறு ஓரத்தில் வைத்து மேலிருந்து கீழாக மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் ஒரு பள்ளத்தில் சிக்கினால், பெரும்பாலும் பிரஷ்ஷைக் குறுக்கே அழுத்தி இழுத்ததில் வந்த தேய்மானம்தான். வலது கையால் தேய்ப்பவர்களுக்கு இடது பக்கக் கோரைப்பல் ஓரம் கூடுதலாகத் தேய்ந்திருக்கும்.

இந்தப் பக்கத்தில் இன்னொரு காரணம் உமிக்கரி, அதாவது நெல் உமியை எரித்த கரி. கொஞ்சம் உப்பும் மிளகுத்தூளும் சேர்த்து விரலில் தொட்டுத் தேய்ப்பது பாலக்காட்டுப் பக்கம் பழைய வழக்கம், இப்போது அழகான டப்பாவிலும் வருகிறது. பளிச்சென்று வெளுக்கும், உண்மை. நெல் உமியில் சிலிக்கா அதிகம். எரித்த பின்னும் அது போகாது. வெளுப்பதற்குக் காரணம் தேய்மானம். மேல்தோடு ஒருமுறை தேய்ந்தால் திரும்ப முளைக்காது. செங்கல் பொடி, சாம்பல், கறுப்பு சார்க்கோல் பேஸ்ட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பற்பொடியில் புகையிலை சேர்ப்பதை 1992-லேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. அதனால் "வலிக்கு நல்லாக் கேக்கும்" என்று யாராவது பேர் போடாத பொடிப் பொட்டலம் கொடுத்தால் வாங்காதீர்கள்.

தாத்தா காலத்தில் உமிக்கரிதானே, அவருக்கு எண்பதிலும் பல் இருந்ததே என்பீர்கள். அவர் தின்ற சர்க்கரை எவ்வளவு, நாம் தின்பது எவ்வளவு?

கூச்சத்துக்கான பேஸ்ட் வேலை செய்யும், ஆனால் பொறுமை வேண்டும். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட்டைத் தினம் இரண்டு வேளை, இரண்டிலிருந்து நாலு வாரம் தேய்த்த பிறகுதான் குறை தெரியும். மூன்று நாளில் "கேக்கலீங்க" என்று டியூபைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். தேய்த்ததும் நுரையைத் துப்பினால் போதும், வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தால் மருந்து முழுக்க வாஷ்பேசினுக்குப் போய்விடும். சர்பத், லெமன் சோடா, கள், புளித்த மோர் குடித்த கையோடு பல் தேய்க்கவும் கூடாது. புளிப்பில் இளகிய மேல்தோட்டைப் பிரஷ் எளிதாக வழித்துவிடும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது விட்டுத் தேய்க்கலாம்.

வலிக்கிறது

வலியின் நடத்தையைப் பாருங்கள்.

சில்லென்றோ இனிப்பாகவோ பட்டால் சுருக்கென்கிறது, எடுத்ததும் நின்றுவிடுகிறது: ஓட்டை இன்னும் நரம்பைத் தொடவில்லை. இப்போது போனால் ஒரே நாளில் அடைத்துவிடுவார்கள், செலவும் குறைவு. யாரும் இப்போது போவதில்லை.

சூடு பட்டால் வலிக்கிறது, எடுத்த பிறகும் நிமிடக் கணக்கில் நிற்கிறது, ராத்திரி படுத்தால் கூடுகிறது, எந்தப் பல் என்றே சொல்ல முடியாமல் காது வரை இழுக்கிறது: நரம்பு கெட்டுவிட்டது. ரூட் கேனல் (கெட்ட நரம்பை எடுத்துவிட்டு அடைப்பது), இல்லாவிட்டால் பிடுங்குவது. இடையில் வேறு வழி இல்லை.

கடித்தால் மட்டும் ஒரு இடத்தில் குத்துகிறது: விரிசல், அல்லது வேர் நுனியில் சீழ்.

பிறகு ஒரு நாள் வலி தானாக நின்றுவிடும். ஏமாந்துபோகிற இடம் இதுதான். "இப்ப வலியே இல்லீங்க, சரியாயிருச்சு" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். நரம்பு செத்துவிட்டதால் வலி நின்றது. கிருமி செத்த நரம்பின் வழியே எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். சில மாதம் கழித்து ஈறில் ஒரு பரு, அதை அமுக்கினால் சீழ். அல்லது ஒரே ராத்திரியில் முகம் வீங்கும்.

டாக்டரிடம் போகும் வரை தாங்க என்ன செய்யலாம்? வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, சிக்கிய உணவை எடுங்கள். கிராம்புத் தைலம் உண்மையாகவே மரத்துப்போக வைக்கும், அதிலிருக்கும் யூஜினால் என்ற பொருள்தான் காரணம். பஞ்சில் ஒரு சொட்டு தொட்டு, பிழிந்து, ஓட்டைக்குள் மட்டும் வையுங்கள். பஞ்சை ஊறவைத்து ஈறில் அடைத்தால் ஈறு வெந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல் ஓரத்தில் ஒதுக்கி வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கன்னம் வெள்ளையாக வெந்து உரியும், பல்வலியோடு புண்வலியும் சேரும்.

பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மில்லிகிராம், வேளைக்கு வேளை 6 மணி நேர இடைவெளி, ஒரு நாளில் 4000 தாண்டக் கூடாது. தினம் குடிப்பவர்களுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் டாக்டரைக் கேட்டுக் குறைத்துத்தான் எடுக்க வேண்டும். சளி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை பலவற்றிலும் இதே மருந்து இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள். புரூஃபன், டைக்ளோஃபெனாக் வகைகள் பல்வலிக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் அல்சர், கிட்னிக் கோளாறு, இளைப்பு (ஆஸ்துமா) உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தாமாக எடுக்கக் கூடாது. காய்ச்சலும் இருந்தால், டெங்கு இல்லை என்று தெரியும் வரை தொடக் கூடாது.

ஆன்டிபயாடிக் பல்வலியைக் குறைக்காது. நரம்புக்குள் ரத்த ஓட்டம் நின்றுபோன இடத்துக்கு மாத்திரை போய்ச் சேர வழியில்லை. கேரளத்தில் 2024 முதல் 'ஆபரேஷன் அம்ரித்' என்று மருந்துக் கடைகளில் சோதனை நடப்பதால், டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் தருவதில்லை என்று தெரிந்து, தமிழ்நாட்டில் பொள்ளாச்சிப் பக்கம் போய்க் கேட்பவர்களும் உண்டு. சட்டம் அங்கும் அதேதான்.

கன்னம் அல்லது தாடை வீங்கி, காய்ச்சலும் வந்து, வாய் திறக்க முடியவில்லை, எச்சில் முழுங்க முடியவில்லை, நாக்குக்கு அடியில் கெட்டியாக இருக்கிறது என்றால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. சீழ் கழுத்துக்குள் இறங்கினால் மூச்சை அடைக்கும். பக்கத்தில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே உடனே போங்கள். வீங்கிய கன்னத்துக்கு வெளியே சுடு ஒத்தடம் வேண்டாம், ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம்.

பல்லில் கறை

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவுக்கு இந்தப் பகுதி தனியாக எழுத வேண்டியது. முன்பல்லில் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளைத் திட்டும் பழுப்புப் பட்டையும் உள்ள பிள்ளைகள் நம் பக்கத்தில் நிறைய. "நல்லாப் பல்லுத் தேய்க்கமாட்டேங்கறான்" என்று அவனைத்தான் திட்டுவார்கள். பாவம், அவன் எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது.

கறை எந்த மாதிரி என்று பாருங்கள். ஈறு ஓரத்திலும் பல் இடுக்கிலும் கறுப்பாக, நகத்துக்குக் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் டீ, வெற்றிலை, புகையிலைக் கறை, கிளீனிங்கில் போய்விடும். ஒரே பல்லில் ஒரு புள்ளி, குழிவாக, உணவு சிக்குகிறது என்றால் சொத்தை. வலது பக்கப் பல்லில் இருப்பது போலவே இடது பக்கப் பல்லிலும், ஜோடி ஜோடியாக, குறுக்குக் கோடாக, மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் அது பெரும்பாலும் ஃப்ளோரைடு. பல் எலும்புக்குள் உருவாகும் காலத்தில், சுமார் எட்டு வயது வரை, குடிதண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமாக இருந்ததன் தடம். கிழக்குப் பாலக்காட்டு போர்வெல் தண்ணீரில் இந்தத் தொல்லை தெரிந்த விஷயம். தமிழ்நாட்டுப் பக்கம் தருமபுரி, கிருஷ்ணகிரியிலும் உண்டு.

இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை. ருசியிலோ நிறத்திலோ இது தெரியாது, சோதித்தால்தான் தெரியும். கேரளத்தில் வாட்டர் அத்தாரிட்டி ஆய்வகத்திலும் தமிழ்நாட்டில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்திலும் சோதித்துத் தருவார்கள். கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்றுவதால் இன்னும் செறிவாகும். ஆர்ஓ ஃபில்டர் எடுக்கும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்துக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டால் அதைவிட நல்லது. ஏற்கனவே கறை விழுந்த பல்லுக்கு வீட்டில் செய்ய எதுவுமில்லை. எலுமிச்சையும் சோடா உப்பும் தேய்ப்பவர்கள் கறையோடு மேல்தோட்டையும் தொலைக்கிறார்கள். வளர்ந்த பிறகு டாக்டர் மெருகிட்டோ மேல்பூச்சுப் போட்டோ மறைக்க முடியும்.

அப்படியானால் ஃப்ளோரைடு பேஸ்ட்டும் கெடுதலா? இல்லை. தண்ணீரோடு வயிற்றுக்குள் போவதுதான் கறை போடுகிறது. பல் மேல் படுவது சொத்தையைத் தடுக்கிறது. பெரியவர்கள் 1000 பிபிஎம் (அட்டையில் போட்டிருக்கும் அளவு) ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டைத் தயங்காமல் பயன்படுத்தலாம். ஆயுர்வேத, மூலிகை பேஸ்ட்டுகள் பலவற்றில் ஃப்ளோரைடே கிடையாது, அட்டையைப் படியுங்கள். போர்வெல் தண்ணீர் குடிக்கும் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு எந்த பேஸ்ட் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று வயது வரை அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு, பக்கத்தில் நின்று துப்ப வைப்பது என்பது எல்லா வீட்டுக்கும் பொது.

வாய் நாறுகிறது

பெரும்பாலும் நாக்கின் பின்பாதி. நாக்கு வழிப்பான் இருக்கிற வீடுதானே, முன்னால் மட்டும் வழித்தால் போதாது. அதிலும் போகாவிட்டால் ஈறு நோய், சொத்தை, வாய் வறட்சி ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிரஷர், மனநோய், அலர்ஜி மாத்திரைகள் சில எச்சிலைக் குறைக்கும். மவுத்வாஷ் ஒரு மணி நேரம் மறைக்கும், அவ்வளவுதான். செட் பல் வைத்திருப்பவர்கள் ராத்திரி கழற்றி, பிரஷ் போட்டுக் கழுவி, பச்சைத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். வெந்நீரில் போட்டால் வடிவம் கோணிவிடும்.

இடுக்கில் சிக்குகிறது

பலாச்சுளை நாரும் கறியும் எல்லோருக்கும் சிக்கும். ஒரே இடத்தில் தினமும் சிக்கினால் அங்கே ஓட்டையோ, பழைய அடைப்பு பெயர்ந்ததோ இருக்கிறது. ஊக்கு, தென்னங்குச்சி வேண்டாம். ஃப்ளாஸ் நூல், இடைவெளி பெரிதாக இருந்தால் இடுக்குப் பிரஷ்.

பிள்ளைகளுக்கு

ஆறு வயது சுமாருக்கு, எந்தப் பால்பல்லும் விழாமலே கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். விழாமல் முளைத்ததால் அதையும் பால்பல் என்று நினைத்து, சொத்தையானதும் "விழுந்து முளைக்கும், விடு" என்கிறார்கள். அது நிலைப்பல். போனால் போனதுதான். அது முளைத்ததும் டாக்டரிடம் காட்டினால் மேல்பள்ளத்தை மூடி ஒரு பூச்சுப் போடுவார்கள். பால்பல் சொத்தையையும் விட்டுவிடக் கூடாது, சீழ் வைத்தால் அடியில் வளரும் பல்லைக் கெடுக்கும். பால் பாட்டிலோடு தூங்க வைப்பதுதான் மேல் முன்பற்கள் வரிசையாகக் கறுத்துப்போகக் காரணம்.

சைக்கிளிலிருந்து விழுந்து நிலைப்பல் வேரோடு வந்துவிட்டதா? வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் இருந்தால் பாலிலோ தண்ணீரிலோ சில வினாடி அலசுங்கள், தேய்க்காதீர்கள். பிள்ளை பெரியவனாக இருந்தால் அந்தக் குழிக்குள்ளேயே திரும்ப வைத்துத் துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒரு டம்ளர் ஆறிய பாலில் போட்டுக்கொண்டு ஓடுங்கள். அரை மணி நேரத்துக்குள் போனால் ஒட்டும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது, ஒரு மணி தாண்டினால் குறைந்துகொண்டே போகும். பால்பல்லாக இருந்தால் திரும்ப வைக்கக் கூடாது.

புண், வெள்ளைத் திட்டு, காரம் எரிகிறது

சின்னதாக, ஓரம் சிவந்து, நடுவில் வெளுத்து, தொட்டால் உயிர் போகும் புண் பத்துப் பதினாலு நாளில் தானாக ஆறும். மேலே தடவும் ஜெல் வலியைக் குறைக்கும், அவ்வளவே. அடிக்கடி வந்தால் ரத்தத்தில் இரும்பும் பி12-ம் பார்க்கச் சொல்லுவார்கள்.

வலிக்காத புண்ணுக்குத்தான் பயப்பட வேண்டும். மூன்று வாரம் தாண்டியும் ஆறாதது, சுரண்டினால் வராத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரணமில்லாமல் ஆடும் பல், நாக்கு ஓரத்தில் தடிப்பு, இவற்றை ஜெல் தடவி நாள் கடத்தக் கூடாது. பாக்குப் போடுகிறவர்களுக்கு முதல் அறிகுறி வேறு: நேற்று வரை தின்ற சாம்பாரே காரமாக எரியும். பிறகு கன்னத்து உள்தோல் வெளுத்து விறைக்கும், வாய் மெல்ல மெல்லச் சின்னதாகும். உங்கள் கையின் நடு மூன்று விரலை நெட்டுக்குத்தாகச் சேர்த்து வாய்க்குள் விட்டுப் பாருங்கள். நுழையாவிட்டால் அன்றே பாக்கை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே சொல்லிவிட்டது. 'நான் புகையிலை போடறதில்ல, பாக்கு மட்டுந்தாங்க' என்பது பாதுகாப்பு இல்லை.

டாக்டரிடம் போகும்போது எந்தப் பக்கம், எத்தனை நாளாக, சூட்டிலா குளிரிலா, ராத்திரி எழுப்புகிறதா என்று சொல்லுங்கள். சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, மருந்து அலர்ஜி எது இருந்தாலும் அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் என்று இரண்டு இடத்தில் காட்டுகிறவர்கள் பழைய எக்ஸ்ரேயையும், தின்றுகொண்டிருக்கும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். மாத்திரையின் நிறத்தைச் சொன்னால் எங்களுக்கும் புரியாது, அவருக்கும் புரியாது.